கும்பினியின் இரும்புக் கப்பல்

1840-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ந் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட நெமெஸிஸ் என்னும் கப்பல், கருங்கடற் கரையில் ருஷியருக்கு உரியதாயிருந்த ஒடெஸ்ஸா பட்டணத்துக்குப் போவதாகவே பத்திரங்களிற் பதிவு செய்யப்பட்டிருந்தது. முன்தளத்திலும் பின்தளத்திலும் ஒவ்வொன்றாக, 32 ராத்தல் குண்டை எறியவல்ல இரண்டு பெரும் பீரங்கிகள் சுழல்மேடைகளின்மீது நிறுத்தப்பட்டிருக்க, அவற்றுக்குத் துணையாகச் சிறிய பித்தளைப் பீரங்கிகளும் வாணங்களை ஏவுவதற்கான குழாயும் அமைந்திருக்க, இத்தனையும் தாங்கிய ஒரு கப்பல் கோதுமை வாணிபத்துக்குப் பேர்போன ஓர் ஊருக்கு எதற்காகப் போகிறது என்ற கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. அரசாங்கக் கடற்படையின் அட்டவணையில் அதன் பெயர் இல்லை. யுத்தக் கப்பலுக்குரிய அதிகாரப் பத்திரமும் அதற்கு வழங்கப்படவில்லை. உண்மையில் அந்தக் கப்பல் கிழக்கிந்தியக் கும்பினியின் இரகசியக் கமிட்டியாருடைய சொத்து. அது போய்ச் சேரவேண்டிய இடமோ கருங்கடல் அன்று, கீழ்க்கடல்.

கும்பினியின் நிர்வாக அமைப்பில் இந்த இரகசியக் கமிட்டி ஒரு விசித்திரமான அங்கம். யுத்தம், சமாதானம், அந்நிய ராஜ்ய விவகாரம் ஆகியவற்றில் டைரக்டர்களுடைய பெருஞ்சபைக்குக்கூடத் தெரியாமல் மந்திரிசபையின் கட்டளைகளை நிறைவேற்றிவைப்பது அதன் வேலை. லண்டன் லெடன்ஹால் வீதியிலிருந்த இந்தியா மாளிகையில், கமிட்டியின் நீராவிக் கப்பல் விவகாரங்களுக்கெல்லாம் மூளையாக விளங்கியவர் தாமஸ் லவ் பீக்காக் என்னும் உத்தியோகஸ்தர். ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் அவரை வேறொரு கோலத்தில் அறிவார்கள். கவி ஷெல்லியின் உற்ற நண்பர். தம் காலத்து அறிவாளிகளின் போலிப் பெருமைகளை நகையாடி நாவல்கள் பல புனைந்தவர். எந்திர நாகரிகத்தின் பெருமை பேசுவோரைத் தம் நூல்களில் ஏளனம் செய்த அதே மனிதர், பகற்பொழுதில் அலுவலக மேஜையில் அமர்ந்து, செங்கடல் வழியா யூப்ரடீஸ் நதி வழியா எது இந்தியாவுக்கு ஏற்றது என்றும், கங்கையில் ஓடும் இரும்புப் படகுக்கு எத்தனை அடி ஆழம் போதும் என்றும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1834-ல் பார்லிமெண்டு நியமித்த விசாரணைக் குழுவின் முன் நீராவிப் போக்குவரத்தைப் பற்றி அவர் விரிவாகச் சாட்சி சொன்னார். அதற்கடுத்த ஆண்டுகளில் கர்னல் செஸ்னி யூப்ரடீஸ் நதியில் நடத்திய ஆராய்ச்சிப் பிரயாணத்துக்கும் பின்னின்று உழைத்தார். அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய இரும்பு நீராவிப் படகுகளைக் கட்டிக் கொடுத்தவர் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்னுமிடத்தில் தொழிற்சாலை நடத்திய ஜான் லேர்டு. நெமெஸிஸ் பிறந்ததும் அந்தத் தொழிற்சாலையிலேதான்.

நீராவியை யுத்தத்துக்கு ஏவிய முதல் முயற்சி அதற்குப் பதினைந்தாண்டுகள் முன்னரே நம் வங்காள விரிகுடாவில் நிகழ்ந்துவிட்டது. 1823-ல் கல்கத்தாவுக்கு அருகே கிதர்ப்பூரில் நீரிலிறக்கப்பட்ட டயானா என்னும் சிறு நீராவிக் கப்பலை, மறு ஆண்டு பர்மிய யுத்தம் மூண்டபோது கும்பினியார் ஐராவதிக்குக் கொண்டுபோனார்கள். வரிசை வரிசையாகத் துடுப்பு வலிக்கும் பர்மிய அரசனின் போர்ப்படகுகள், வேகத்தில் எந்த ஐரோப்பியப் படகையும் விஞ்சக் கூடியவை. ஆனால் வலிப்பவனுடைய தோளுக்கு ஓர் எல்லை உண்டு, கொதிகலனுக்கு விறகுள்ளவரை எல்லையில்லை. டயானா அவற்றைத் துரத்திச் சென்று, துடுப்பாளர் களைத்து ஓய்ந்த இடத்திற் பிடித்தது. இந்தக் கப்பலை யுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தியவர் அப்போது கடற்படையில் தளபதியாயிருந்து பின்னாளில் கடற்கதைகளால் பிரசித்தி பெற்ற மாரியட். ஆசிய நதிகளுக்குள் நீராவிப் பீரங்கியைப் புகுத்திய புண்ணியமோ பாவமோ, அதில் இரண்டு நாவலாசிரியர்களுக்குப் பங்கிருப்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

நெமெஸிஸ் 1839-ம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய மூன்றே மாதங்களிற் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 184 அடி, அகலம் 29 அடி, கொள்ளளவு 660 டன். ஒவ்வொன்றும் 60 குதிரைச் சக்தியுள்ள இரண்டு எந்திரங்கள். இரண்டு பக்கத்திலும் பெட்டிபோன்ற உறைக்குள் சுழலும் துடுப்புச் சக்கரங்கள். இவற்றோடு இரண்டு பாய்மரங்கள். இந்த அளவுகளில் அதிசயம் எதுவும் இல்லை. அதிசயமெல்லாம் அதன் அடிப்பாகத்திலே இருந்தது. அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல்கள் நீருக்குள் இருபதடிக்கு மேல் ஆழ்ந்து மிதக்க, இது முழுப் பாரத்தோடும் ஆறடியே ஆழ்ந்தது. யுத்தத்துக்கென்று பாரத்தைக் குறைத்துக்கொண்டால் ஐந்தடி நீர் இதற்குப் போதும். அப்படி மிதப்பதற்காக அதன் அடித்தளம் ஏறக்குறையத் தட்டையாக அமைக்கப்பட்டது. தட்டையான அடித்தளமுள்ள கப்பல் ஆற்றில் சுகமாகப் போகும். கடலிலோ பக்கக் காற்று அடித்தால் நண்டுபோல ஒருபுறமாக ஒதுங்கிவிடும். இந்தக் குறையை நீக்க, வேண்டும்போது கீழே இறக்கவும் வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடிய இரண்டு பலகைகள், சுமார் ஐந்தடி இறங்கத்தக்கவை, அதன் நடுவயிற்றில் முன்னும் பின்னும் பொருத்தப்பட்டன; சுக்கானுக்கும் அதே விதமாக இறக்கி ஏற்றக்கூடிய ஒரு கீழ்ப்பாகம் சேர்க்கப்பட்டது. சமுத்திரத்தைக் கடக்கும்போது ஒரு கப்பல், ஆற்றுக்குள் புகுந்ததும் வேறொரு கப்பல் என்று சொல்லத்தக்க இந்த இரட்டைச் சுபாவமே அதைக் கட்டினவர்களுடைய நோக்கத்தை வெளிப்படுத்துகிறது.

இரும்பைத் தேர்ந்ததற்கும் காரணங்கள் இருந்தன. இரும்புத் தகட்டால் ஆன உடல், அதே வலிவுள்ள மர உடலைக் காட்டிலும் இலேசானது. வெப்பக் கடல்களில் மரத்தை அரித்துத் தின்னும் புழு இதை ஒன்றும் செய்யாது. பாறையில் மோதினால் தகடு நெளியுமேயன்றி உடனே பிளந்துவிடாது. இன்னும் முக்கியமாக, உட்புறத்தைக் குறுக்குச் சுவர்களால் நீர் புகாத ஏழு அறைகளாகத் தடுத்துவிட முடிந்தது; ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் கப்பலைத் தாங்கி நிற்கும். சீனத்து மரக்கலங்களில் இத்தகைய தடுப்பறைகள் பல நூற்றாண்டுகளாக வழக்கத்தில் இருந்தன என்பதைக் கப்பற் கலையின் சரித்திரம் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இரும்பு தன் விலையை வேறு வகையில் வாங்கிக்கொண்டது. காந்த ஊசியைச் சுற்றி அத்தனை டன் இரும்பு சூழ்ந்திருக்கும்போது அந்த ஊசி வடக்கை எப்படி உள்ளபடி காட்டும்? அரசாங்க வானசாஸ்திரியாகிய ஜார்ஜ் ஏரி, திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் இரும்பையும் தக்க நிலைகளில் வைத்து அந்தப் பிழையைச் சமன் செய்யும் முறையொன்றை அப்போதுதான் கண்டிருந்தார். அம்முறைப்படி நெமெஸிஸின் திசைகாட்டியும் திருத்தப்பட்டது. ஆயினும் முதற் பிரயாணத்திலேயே கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் அருகே அது பாறையில் மோதியது. அடித்தகடு கிழிந்து நீர் புகுந்தும் அது மூழ்காமல் மிதந்துகொண்டே போர்ட்ஸ்மத் வரை சென்று செப்பனிடப்பட்டது. இரும்புக் கப்பலுக்கு எதிராகப் பேசியவர்களுக்கும் ஆதரவாகப் பேசியவர்களுக்கும் இந்த ஒரே விபத்து சான்றாகப் பயன்பட்டது.

இதற்குத் தலைவராக நியமிக்கப்பட்ட வில்லியம் ஹட்சியன் ஹால், அரசாங்கக் கடற்படையில் மாஸ்டர் என்னும் பதவியில் இருந்தவர். கப்பலைச் செலுத்தும் சாஸ்திரத்தில் கரைகண்டவர், ஆனால் தளபதிகளின் ஏணியில் ஏறாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர். இளம் வயதில் லைரா என்னும் கப்பலில் சீனக் கடலுக்குச் சென்று வந்திருந்தார். பிறகு நீராவித் தொழிலைக் கற்கவேண்டும் என்ற ஆவலால் அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள நதிக் கப்பல்களையும் பார்த்து வந்தார். கடற்படை தராத பெயரை இந்தக் கும்பினிக் கப்பலில் சம்பாதித்துக்கொள்ளவேண்டும் என்ற வேகம் அவரிடம் இருந்ததில் வியப்பில்லை. அந்த வேகத்துக்குப் பலியானவர்கள் யார் என்பதைப் பின்னே காண்போம்.

மதீராவையும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்ஸிபே தீவையும் தொட்டு, நிலக்கரி போதாத இடத்தில் விறகை ஏற்றி எரித்து, காற்று அனுகூலமாயிருக்கும்போது சக்கரத்தின் துடுப்புப் பலகைகளைக் கழற்றிவைத்துப் பாயினாலேயே ஓடி, ஜூலை மாதத் தொடக்கத்தில் நெமெஸிஸ் கேப்டவுனை அடைந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற முதல் இரும்பு நீராவிக் கப்பல் என்ற சிறப்பு அதற்குக் கிடைத்தது. அந்தச் சிறப்பை அது உயிரோடு அனுபவித்ததே பெரிது. முனைக்குக் கிழக்கே, தெற்கு ஆப்பிரிக்கக் கரையின் பேரலைகளில் சிக்கியபோது, சக்கர உறைகளை ஒட்டி இருபுறத்து இரும்புத் தகடும் மேலிருந்து கீழாக வெடிக்கத் தொடங்கியது. எந்திரங்களும் கொதிகலன்களும் நடுவில் கனக்க, இரு முனைகளும் அலைமீது ஏறி இறங்க, நீண்டு தட்டையான அந்த உடல் நடுவில் முறியப் பார்த்தது. ஒவ்வோர் அலைக்கும் பிளவு வாய் திறந்து மூடியதை மாலுமிகள் கண்ணாரக் கண்டனர். பல அடி நீளம் பெருகிவிட்ட அந்தப் பிளவைக் கட்டைகளாலும் ஆணிகளாலும் முட்டுக்கொடுத்து, எப்படியோ டெலகோவா விரிகுடாவுக்குள் கொண்டுவந்து சேர்த்து, கப்பலில் இருந்த கொல்லரையும் தச்சரையும் கொண்டே ஹால் அதற்குப் புது விலா எலும்புகள் பொருத்தினார். லேர்டின் தொழிற்சாலையில் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட இரும்புக் கப்பல்கள் இந்த அனுபவத்தால் பயனடைந்தன.

அக்டோபர் மாதம் அது இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைந்தது. கான்டன் நதிமுகத்தில் நிற்கும் கடற்படையோடு சென்று சேரும்படியான கட்டளை அங்கேதான் ஹாலின் கைக்கு வந்தது. ஒடெஸ்ஸா என்ற பொய் அத்தோடு தீர்ந்தது.

சீனாவோடு மூண்டிருந்த யுத்தத்தின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வங்காளத்திலும் பிஹாரிலும் தன் ஏகபோக உரிமையால் விளைவித்த அபினியைக் கும்பினி கல்கத்தாவில் ஏலம் விட்டது; ஏலம் எடுத்த தனி வர்த்தகர்கள் அதைச் சீனச் சட்டத்துக்கு விரோதமாகச் சீனக் கரையில் விற்றனர்; கும்பினியின் கை சுத்தமாகவே இருந்தது. 1839-ல் கான்டனுக்கு வந்த சக்கரவர்த்தியின் விசேஷ ஆணையாளர் லின் சேஷு 20,000-க்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்து அழித்துக் கடலிற் கலக்கவிட்டார். 1840 ஏப்ரலில் இந்த யுத்தத்தைக் கண்டித்து பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்ட தீர்மானம் ஒன்பதே வாக்குகளில் தோற்றது. இளம் அங்கத்தினராயிருந்த கிளாட்ஸ்டன் அநியாயமான யுத்தம் என்று அதை வன்மையாகச் சாடினார். நெமெஸிஸ் அப்போது அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கான்டன் நகரம் கடலிலிருந்து பல மைல் உள்ளே, முத்து நதி என்று பெயர் பெற்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. கழிமுகம் குறுகி நதியாக மாறும் போக் என்னும் வாயிலின் இருபுறத்துக் குன்றுகளிலும் தீவுகளிலும் சீனர் கோட்டைகள் கட்டியிருந்தனர். அவற்றின் பீரங்கிகள் கல்லிலும் மண்ணிலும் அசையாதபடி பதிக்கப்பட்டு, ஆழமான கால்வாயையே நோக்கி நின்றன. பெரிய கப்பல் எதுவாயினும் அந்த வழியாகத்தான் வந்தாகவேண்டும் என்பது கோட்டை கட்டியவர்களுடைய கணக்கு. கரையோரத்து ஆழமற்ற நீரைக் காக்க மணல் திட்டுகளே போதும் என்று அவர்கள் எண்ணியது தவறுமன்று. 1840 வரையில் அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது.

1841 ஜனவரி 7-ந் தேதி சூயென்பீ கோட்டைகள் தாக்கப்பட்டபோது அந்தக் கணக்குப் பொய்த்தது. கோட்டைக்குப் பக்கவாட்டில் கரையை ஒட்டிச் சென்று குண்டு பொழிந்த நெமெஸிஸ், அதன்பின் ஆன்சன் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் தங்கியிருந்த சீனப் போர்க்கலங்களை நோக்கித் திரும்பிற்று. அதிலிருந்து ஏவப்பட்ட முதல் வாணம், வரிசையில் பெரியதாக நின்ற ஒரு ஜங்க் கப்பலின் வெடிமருந்துக் கிடங்கில் பாய, அந்தக் கப்பல் தன் மாலுமிகள் அனைவரோடும் ஒரு நொடியில் வெடித்துச் சிதறியது. எஞ்சியவற்றில் பலவற்றை மாலுமிகள் விட்டோடினர், அவையும் எரிக்கப்பட்டன.

அந்த வாணத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்தடைத்து ஏவிய மைசூர் வாணங்கள், கும்பினிப் பட்டாளத்தைப் பன்முறை கலங்கடித்தவை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றிற் சில இங்கிலாந்துக்கு எடுத்துச்செல்லப்பட்டன. அவற்றை மாதிரியாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் என்பவர் உல்விச் ஆயுதசாலையில் செய்து சீர்திருத்தியவையே காங்கிரீவ் வாணங்கள். தக்காணத்தில் கும்பினியை எதிர்த்துப் பிறந்த ஆயுதம், பின்னாளில் கும்பினியின் கருவியாகிச் சீனத்தில் வெடித்தது.

பிப்ரவரி 26-ந் தேதி போக் கோட்டைகளும் விழுந்தன; முதிய கடற்படைத் தலைவர் குவான் தியென்பெய் தம் நிலையைவிட்டு அகலாமல் நின்று உயிர்துறந்தார். மார்ச்சு மாதம் நடந்த இன்னொரு காரியத்தைக் கப்பற் சரித்திரத்தில் அதைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். மக்காவோவிலிருந்து கான்டனுக்கு, பெருநதியை விட்டு, வயல்களுக்கும் கிராமங்களுக்கும் ஊடே வளைந்து செல்லும் குறுகலான உள்வழியொன்று உண்டு. சீனப் படகுகள் மட்டுமே வழங்கிய அந்த வழியில் எந்த ஐரோப்பியக் கப்பலும் நுழைந்ததில்லை. மார்ச்சு 13-ந் தேதி தொடங்கி மூன்று நாட்கள் நெமெஸிஸ் இரண்டு சிறு படகுகளைத் துணைகொண்டு அந்த வழியே ஊர்ந்தது. சேற்றில் தட்டித் தட்டி, சில இடங்களில் திரும்பவும் இடமின்றிக் கரையில் மூக்கை ஊன்றிக்கொண்டு திரும்பி, ஆற்றின் குறுக்கே நடப்பட்ட கழிகளைப் பிடுங்கி, வழியிலிருந்த கோட்டைகளையும் படகுகளையும் அழித்துக்கொண்டு சென்றது. கழிகளைப் பிடுங்க உள்ளூர் ஜனங்களிற் சிலர் தாமே முன்வந்து உதவினார்கள் என்று ஹாலின் குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்ட நூல் கூறுகிறது. ஆளும் மஞ்சு வம்சத்துக்கும் தென்சீனக் குடிகளுக்கும் இடையே இருந்த தூரத்தை அந்தச் செய்தி காட்டுகிறது. கடலரசு என்ற பெயரோடு கரையில் நின்றுவிட்ட ஒரு வல்லமை, நெல்வயலின் வரப்புவரை வந்துவிட்டது என்பதே அந்த மூன்று நாட்களின் பொருள்.

மே மாதம் கான்டன் நகரின் எதிரே நடந்த சண்டையில் ஒரு வாணம் தீப்பற்றிய பிறகும் குழாயைவிட்டுக் கிளம்பாமல் சிக்கிக்கொள்ள, ஹால் குழாய்க்குள் கையைவிட்டு அதை வெளியே தள்ளினார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தனர். அவர் கை வெந்துபோயிற்று. துணிவுக்குத் துணிவென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் வருகிறார்கள். சூயென்பீயில் கரையிறங்கிய படையில் ஒரு பெரிய பகுதி சென்னை ராஜதானியின் 37-வது சுதேசிக் காலாட்படை. சென்னைப் பட்டாளங்களில் அக்காலத்தில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். சண்டைக்கு முன்பே இந்தப் பட்டாளத்துக்குப் பெருஞ்சேதம் நேர்ந்திருந்தது. அதன் ஒரு பகுதியை ஏற்றிவந்த கோல்கொண்டா என்னும் கப்பல் 1840-ல் சீனக் கடலில் சூறாவளியில் அகப்பட்டு அடையாளமின்றி மறைந்தது. எஞ்சியவர்களில் ஒரு கம்பெனியார், 1841 மே 30-ந் தேதி கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்தின் வயல்களில், இடியும் மழையும் கொட்டும் வேளையில், மற்றப் படையிலிருந்து பிரிந்து வழி தவறிவிட்டனர். ஈட்டியும் மூங்கிற்கழியும் ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்தார் அவர்களைச் சூழ்ந்தனர். சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் அவர்களுடைய பழைய துப்பாக்கிகள் மழையில் நனைந்து வெடிக்க மறுத்தன. நாற்புறமும் முகம் வைத்துச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டியபடியே இருட்டும்வரை தாக்குப்பிடித்த அவர்களை, நனைந்தாலும் வெடிக்கும் புதுவிதத் துப்பாக்கிகளைத் தாங்கிய வெள்ளைக் கடற்படைச் சிப்பாய்கள் வந்து மீட்டனர். ஒரே சேனையில் வெள்ளையனுக்குப் புதிய துப்பாக்கி, சென்னைச் சிப்பாய்க்குப் பழைய துப்பாக்கி. சான்யுவான்லி இன்று சீன தேசத்தில் மக்கள் எதிர்ப்பின் முதற்களமாகப் போற்றப்படுகிறது. அங்கே நினைவுச்சின்னமும் உண்டு. வயல் நடுவே சதுரமாக நின்ற நம் சிப்பாய்கள் எந்த நியாயத்துக்காக நின்றார்கள் என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு யுத்தம் வடக்கே சென்றது. அமாய், சூசன் தீவு, சின்ஹாய், நிங்போ, சாப்பூ என்று வரிசையாகக் கரையூர்கள் விழுந்தன. இரத்தமும் தீயும் மாறாத அந்தக் கதையை ஒவ்வொன்றாக விரிக்கவேண்டியதில்லை. 1842 ஜூன் 16-ந் தேதி, ஷாங்ஹாய்க்கு வாயிலான உசுங் கோட்டையில் நடந்ததை மட்டும் சொல்லவேண்டும். காற்றையும் ஓதத்தையும் எதிர்பார்த்துக் கிடக்கவேண்டிய பாய்மரப் போர்க்கப்பல்களை, நீராவிக் கப்பல்கள் பக்கத்திற் பிணைத்துக்கொண்டு, பீரங்கிக்கு உகந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தின. கோட்டைத் தலைவர் சென் ஹுவாசெங் போராடி மடிந்தார். அன்று நெமெஸிஸ் துரத்திய சீனக் கலங்களுள், இருபுறமும் சக்கரங்கள் பொருந்திய சில புதுக் கலங்களும் இருந்தன! அருகே சென்று பார்த்தபோது அவற்றில் புகைபோக்கியும் இல்லை, கொதிகலனும் இல்லை. உள்ளே மனிதர்கள் நின்று உழைத்து அச்சைச் சுழற்றினர்.

அந்நிய யந்திரத்தைக் கண்டு செய்த பரிதாபமான பாவனை இது என்று ஆங்கிலேய மாலுமிகள் நகைத்தார்கள். அவர்கள் அறியாத சரித்திரம் ஒன்று யாங்ட்ஸீ நதிக்கு உண்டு. 12-ம் நூற்றாண்டில் ஸோங் வம்சத்தார் ஆண்டபோது, கால்களால் மிதித்துச் சுழற்றும் சக்கரக் கப்பல்கள் சீன நதிகளில் போர்புரிந்தன. துங்திங் ஏரியில் கலகம் செய்த யாங் யாவோ என்பவன் அத்தகைய கப்பல்களைக்கொண்டு அரசாங்கத்தை அலைக்கழிக்க, சேனாபதி யுவே ஃபெய் கட்டைகளையும் அழுகிய புல்லையும் நீரில் மிதக்கவிட்டுச் சக்கரங்களைச் சிக்கவைத்து 1135-ல் அவனை அடக்கினார். 1161-ல் நான்கிங்குக்குச் சற்று மேலே சாய்ஷி என்னுமிடத்தில், வடக்கிலிருந்து படையெடுத்த ஜூர்ச்சென் அரசனை நதி கடக்கவிடாமல் தடுத்ததில் சக்கரக் கப்பல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பாவில் சக்கரக் கப்பல் வெறுஞ் சித்திரமாகக்கூட அரிதாயிருந்த காலம் அது. ஆகவே 1842-ல் யாங்ட்ஸீ நதியில் எதிரெதிராக நின்றவை, ஒரே கருத்தின் இரண்டு பருவங்கள். அவற்றுக்கிடையே இருந்த வித்தியாசம் நிலக்கரி.

ஷாங்ஹாய் விழுந்தபின் 70-க்கு மேற்பட்ட கப்பல்கள் யாங்ட்ஸீயில் ஏறின. ஆழமும் திட்டும் அறியாத நதியில் முன்சென்று வழிபார்த்தும், தரைதட்டிய பெருங்கப்பல்களை இழுத்துவிட்டும் நீராவிக் கப்பல்கள் உழைத்திராவிட்டால் அது நடந்திராது. ஜூலை 21-ந் தேதி சின்கியாங் நகரம் கொடுமையான சண்டைக்குப்பின் விழுந்தது. தெற்கிலிருந்து பீகிங்குக்கு நெல் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய் யாங்ட்ஸீயைச் சந்திப்பது அங்கேதான். தலைநகரின் சோற்றுவழி அடைபட்டபின் சக்கரவர்த்தி சமாதானம் கோரினார். ஆகஸ்டு 29-ந் தேதி நான்கிங் எதிரே கார்ன்வாலிஸ் என்னும் கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. ஹாங்காங் பிரிட்டிஷாருக்குச் சொந்தமாயிற்று. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி நாணயங்கள் அபராதமாக விதிக்கப்பட்டன. அதில் 60 லட்சம், லின் அழித்த அபினிக்கு விலை.

துடுப்புச் சக்கரத்தின் வெற்றி நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஒரு குண்டுக்கே உடையக்கூடிய சக்கரம், கப்பலின் பக்கத்தில் பீரங்கி வைக்கும் இடத்தையும் அபகரித்துக்கொண்டது. கடல் கொந்தளிக்கும்போது ஒரு சக்கரம் நீரில் அமிழ்ந்து திணற மற்றது ஆகாயத்தில் வீணே சுழன்றது. 1845-ல் ஆங்கிலக் கடற்படையினர், திருகுசக்கரத்தால் ஓடும் ராட்லரையும் துடுப்புச் சக்கரத்தால் ஓடும் அலெக்டோவையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிரே இழுக்கவிட்டபோது, ராட்லர் தன் எதிரியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போயிற்று. பெருங்கடற் போர்க்கப்பல்களிலிருந்து துடுப்புச் சக்கரம் அதன்பின் படிப்படியாக விலகிற்று. ஆழமற்ற நதிகளிலோ அது நிலைத்துவிட்டது. 1885-ல் மாண்டலேயின் கடைசி அரசனைச் சிறைபிடிக்கப் போன சேனையும் ஐராவதியில் அத்தகைய கப்பல்களிலேயே ஏறிச் சென்றது.

நெமெஸிஸ் பிறகு போர்னியோக் கரையில் கொள்ளைக்காரரை ஒழிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டது. 1849 ஜூலை 31-ந் தேதி இரவு பெத்திங் மாராவ் மணற்திட்டில், சராவாக் ராஜாவாயிருந்த ஜேம்ஸ் புரூக்கின் படையோடு சேர்ந்து, இபான் மக்களின் நீண்ட படகுக் கூட்டத்தின் ஊடே அது புகுந்து, பீரங்கியால் மட்டுமன்றித் தன் சக்கரங்களாலும் மனிதரை நசுக்கியது. மாண்டவர்கள் பல நூற்றுவர். தலைக்கு இவ்வளவு என்று வெகுமதியும் கேட்டுப் பெறப்பட்டது. பார்லிமெண்டில் கண்டனம் எழுந்து, 1854-ல் சிங்கப்பூரில் விசாரணையும் நடந்தது. ஹாலோ அதற்கு முன்பே கப்பலைவிட்டு நீங்கி, விரும்பிய உயர்வையெல்லாம் பெற்று, ‘நெமெஸிஸ் ஹால்’ என்ற பட்டப்பெயரோடு அட்மிரலாகி, 1878-ல் காலமானார்.

அவருடைய கப்பலின் சரித்திரம் 1844-லேயே அச்சேறிவிட்டது. 37-வது பட்டாளத்தாருக்குக் கிடைத்தது, கொடியில் பொறித்துக்கொள்ள ‘சீனா’ என்ற சொல்லும் ஒரு டிராகன் உருவமும். கோல்கொண்டாவில் மூழ்கியவர்களையும் சான்யுவான்லியில் நனைந்து நின்றவர்களையும் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல் வேண்டும். சென்னைச் சேனையின் சரித்திரத்தைப் பல பாகங்களாக வில்ஸன் என்பவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ராஜதானிப் படை இலாகாவின் பழந்தஸ்தாவேஜுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சரித்திரம் பயிலும் இளைஞர்களில் யாரேனும் அவற்றைப் புரட்டி, அந்தச் சிப்பாய்களுடைய ஊரையும் பேரையும் தேடி எடுத்து எழுத முன்வரவேண்டும்.